எண் எழுதாத திருகு

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைனா இருந்தார். பெட்டிக்கு முன்னால், முக்காலியில். புதுச் சட்டை போட்டிருந்தார்.

அவர் மனைவி இருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

முதலாளி இருந்தார். மைக்செட் கடை அவருடையது.

கோடம்பாக்கத்து ஸ்டுடியோவிலிருந்து வந்த இன்ஜினியர் இருந்தார். மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் பஞ்சு சுற்றிய இரண்டு கண்ணாடி வால்வு.

கடைசியில் நான். சுவரோரம், குழாய் ஸ்பீக்கர் அடுக்கியிருந்த இடத்தில். என் வேட்டி மடிப்பிலும் ஒரு வால்வு இருந்தது. அது மற்ற நான்கு பேருக்கும் தெரியாது.

ஐந்து பேர். நைனாவும் எண்ணியிருப்பார். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஆள் எண்ணுவது அவர் பழக்கம்.

எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் உண்டு. அதை நான் எழுதப் போவதில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சுற்றி வளைக்க வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கடை மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்களிடமிருந்து மைக்செட் போகும். குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டுவது, ஒயர் இழுப்பது, முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவது என் வேலை. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. நைனாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் கம்பிச் சுருள் சுற்றுவார். காயில் என்போம்.

ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கும். அது எரிந்து போனால் பழைய கம்பியை அவிழ்த்துவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். கம்பி தலைமுடி போல இருக்கும். இதற்கு அறுநூறு சுற்று, அதற்கு இரண்டாயிரம் சுற்று என்று கணக்கு. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணிக்கை விட்டுப் போனால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. மற்ற கடைகளில் சுற்று எண்ணுகிற மெஷின் வைத்திருந்தார்கள். நைனாவிடம் வாய்தான். உதடு அசையும். சத்தம் வராது.

அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலைத் தூக்குவார். பொறு என்று அர்த்தம்.

தெருவிலும் அதே விரல்தான். அவர் வீடு சாந்தோமில், சர்ச்சுக்குப் பின்னால். அங்கிருந்து கடைக்கு அடி எண்ணிக்கொண்டே நடந்து வருவார். ஆயிரத்து எண்ணூற்று முப்பது அடி. வழியில் யாராவது "இன்னா நைனா, சௌக்கியமா" என்றால் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். புதிதாய்ப் பார்க்கிறவர்கள் திமிர் என்று நினைத்தார்கள். பழகினவர்கள் சாயங்காலம் கடைக்கு வந்து பதில் வாங்கிக்கொண்டார்கள்.

முதலாளி ஒரு தடவை அவரைச் சோதித்துப் பார்த்தார். முதலாளிக்குத் திருநெல்வேலிப் பக்கம். சும்மா இருக்க மாட்டார். நைனா சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று ஆரம்பித்தார்.

"நூத்தி அஞ்சு, எழுவத்தி மூணு, நானூத்தி ரெண்டு. வே நைனா, உமக்கு வயசு என்ன?"

"அம்பத்தொண்ணு." கை நிற்கவில்லை.

"கல்யாணம் ஆகி எத்தன வருசம் வே?"

"இருவத்தாறு."

"முந்தாநாள் உமக்கு எத்தன இட்லி வாங்கிக் குடுத்தேன்?"

"மூணு. சட்னி வரல."

சுற்றி முடித்ததும் முதலாளி அந்தக் காயிலை வாங்கிக்கொண்டு போனார். மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணினார். அறுநூற்று நாற்பது இருக்க வேண்டும். அறுநூற்று நாற்பது இருந்தது.

"இது மனுசன் மண்டையா லே? கரண்ட் மீட்டரா லே?" என்று என்னிடம் கேட்டார்.

நைனா தரையில் கிடந்த கம்பிக் குவியலைப் பார்த்தார். "அவுத்துட்டீங்களே மொதலாளி. இப்ப யாரு சுத்தறது?" என்றார்.

இன்னொரு தடவை ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாணம். பதினொரு குழாய் கொண்டு போயிருந்தோம். திரும்ப வந்து கல் தரையில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். நைனா உள்ளே சுற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வெளியே வந்து, குழாய்ப் பக்கம் திரும்பாமலே, "பத்துதான் எறக்கின" என்றார். எண்ணிப் பார்த்தேன். பத்து. பதினொன்றாவது அந்த வீட்டுத் தென்னை மரத்தில் இருந்தது. மறுபடி போய் ஏறினேன். அவர் கை கம்பியை எண்ணியிருக்கிறது, காது குழாயை எண்ணியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

அக்கா சொல்லிச் சிரிப்பார். "கண்ணாலத்தன்னிக்கு ஃபாதர் பூசை வச்சுக்கினு கீறாரு தம்பி. நான் அழுதுகினு கீறேன். இந்த ஆளு மெல்லக் குனிஞ்சு, நாப்பத்திநாலு மெழுகுவத்தின்றாரு. ஜெபமாலையும் கெடையாது இவருக்கு. மணி இல்லாமலே அம்பத்தி மூணு மாதா ஜெபமும் கரெக்டா சொல்லுவாரு."

"மாதா கேட்டாங்களா, மணி எங்கன்னு?" என்பார் நைனா.

இனி பெட்டி.

வால்வு என்பது பல்பு மாதிரி கண்ணாடிக் குப்பி. அப்போது டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வால்வில்தான் பாடின. வால்வுக்கு வயசாகும். பார்த்தால் தெரியாது. விளக்கு எரியும், பலம் இருக்காது. பலம் பார்க்க டெஸ்டர் வேண்டும். மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையில் அது இருந்தது. முதலாளி ஒரு நாள் ஒன்பது வால்வைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடைக்காரன் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பதும் செத்துவிட்டது, புதுசு வாங்கு என்றான். வந்து சொன்னேன்.

நைனா விரலைத் தூக்கவில்லை. சுற்றுவதையே நிறுத்திவிட்டார். நான் பார்த்து அவர் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"ஒம்போதுமா? அவன் எண்ணு எதனா சொன்னானா?"

"இல்ல நைனா. செத்துப்போச்சுன்னான்."

"செத்துப்போச்சுன்றது எண்ணா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடைக்கு வந்தார். தானே ஒரு டெஸ்டர் செய்ய எட்டு ஞாயிறு வந்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு செய்தார். மேல்தகடு எங்கள் கடையின் பழைய போர்டு. எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். மீட்டர் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. பட்டாளத்துச் சாமான், கண்ணாடியில் கீறல் இருந்தது. எட்டுக் கால் வால்வுக்கு ஒரு குழி, ஒன்பது காலுக்கு ஒன்று, ஏழு காலுக்கு ஒன்று. உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எரிய ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. டிரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்றினார்.

ஒவ்வொரு வால்வுக்கும் ஒவ்வொரு வோல்ட் வேண்டும். சிலது ஒன்றரை கேட்கும். சிலது ஆறு, சிலது இருபத்தைந்து. அதற்காக டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பதினான்கு இடத்தில் கம்பியை வெளியே இழுத்துப் பதினான்கு பித்தளை ஸ்குருவில் கட்டினார். ஒரு திருகைத் திருப்பினால் ஒவ்வொரு ஸ்குருவாகத் தொட்டுக்கொண்டு போகும். தொடும்போது டக் என்று சத்தம் வரும். ஆரம்பத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தால் தட் என்று முட்டி நிற்கும். அது பூஜ்யம்.

அவர் முறை இது. வால்வைச் செருகுவார். பூஜ்யத்திலிருந்து டக் எண்ணித் திருப்புவார். ஆறு வோல்ட் வால்வுக்கு ஐந்து டக். இருபத்தைந்துக்கு ஏழு. அதன் பிறகுதான் ஸ்விட்ச். வால்வு சூடாகும், முள் ஏறும். முள் நின்ற எண்ணைச் சொல்வார். ஸ்விட்சை அணைத்து, திருகைத் தட் வரைக்கும் திருப்பிவிட்டு, வால்வை எடுப்பார்.

எண்ணை மட்டும்தான் சொல்வார். டீ. நகரிலிருந்து ஒருவர் ரேடியோ வால்வைக் கொண்டுவந்து ஒரு நாள் கால் மணி நேரம் சண்டை போட்டார்.

"நல்லதா கெட்டதா சொல்லுய்யா."

"அறுவத்தி ரெண்டு."

"அதான், நல்லதா?"

"போன மாசம் இதே ஜாதி ஒண்ணு எம்பத்தஞ்சு. நாப்பதுல ஒண்ணு கீது, அதுவும் பாடிக்கினு கீது. இது அறுவத்தி ரெண்டு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் இன்னும் இரண்டு வால்வோடு வந்தார். இந்தத் தடவை சண்டை போடவில்லை. எண்ணைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அந்தத் திருகைச் சுற்றி எண் எழுதவில்லை. பழைய ரேடியோவின் கறுப்புத் திருகு. அதில் இருந்த வெள்ளைக் கோடும் தேய்ந்து போயிருந்தது. எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

"நம்பர் எழுதிடலாமே நைனா. வெள்ளை பெயின்ட் கீது" என்றேன்.

"எழுதினா கண்ணு பாக்கும். கண்ணு பாத்துச்சுன்னா வாய் எண்ணாது."

"வேற யாராவது தொட்டா?"

"வேற யாரும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்ல."

ஒரு தடவைதான் சொன்னார். போதும் என்று நினைத்தார். பெட்டிக்குப் பூட்டு வைக்கவில்லை. வால்வைச் செருகினதும் திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று சோதிக்கவும் மாட்டார். கடைசியாக அவர்தானே வைத்தார். நாங்கள் தொட மாட்டோம் என்பதும் அவர் கணக்கில் சேர்ந்திருந்தது.

ஸ்டுடியோ இன்ஜினியர் மயிலாப்பூர்க்காரர். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற வந்து, நைனா வேலையைப் பார்த்துவிட்டார். ஸ்டுடியோவில் எழுபது வால்வுக்கு மேல் இருக்கிறது, மாதா மாதம் சோதிக்க ஆள் வேண்டும், காயிலும் சுற்ற வேண்டும் என்றார். ஒரு ஜோடி வால்வைக் கொண்டு வருகிறேன், பெட்டி எப்படிக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். நிரந்தர வேலை. அக்கா அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று மாடி பெருக்கிக்கொண்டிருந்தார். முட்டியில் நீர் கட்டியிருந்தது. படி ஏறும்போது உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். நைனாவுக்கு அந்த வேலை கிடைத்தால் அக்கா நின்றுவிடலாம்.

"எத்தினி படி தெரியுமா?" என்று நைனா என்னிடம் கேட்டார். "அறுவத்தாறு. ஒரு நாளைக்கு நாலு வாட்டி."

எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியம் செய்தேன்.

என் மனைவியின் அண்ணன் அடையாறில் இருந்தான். அவன் வீட்டு ரேடியோ பாடவில்லை. "மைக்செட் கடையிலதான கீற, பாரேன்" என்றான். பிறகு அவனே, "ஆமா, நீ கம்பம் தூக்கற ஆளாச்சே" என்று சிரித்தான். என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். நானே சரி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய வால்வை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். அது இருபத்தைந்து வோல்ட் வால்வு. நைனாவிடம் கொடுத்திருந்தால் அவர் பார்த்து எண் சொல்லியிருப்பார். ஆனால் நானே பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

இன்ஜினியர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றுக்கு நைனா சட்டை மாற்றக் குழாயடிக்குப் போனார். முதலாளி வாசலில் நின்று பேப்பர் படித்தார். நான் உள்ளே போய் வால்வைச் செருகினேன். எண்ணினேன். ஏழு டக். ஸ்விட்ச் போட்டேன். முள் ஏறி எழுபதைத் தாண்டி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்த காரியம். செய்துவிட்டேன்.

வாசலில் டாக்சி வந்து நின்றது. "வாங்க சார், வாங்க. சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துட்டிய" என்று முதலாளி குரல் கேட்டது. ஸ்விட்சை அணைத்தேன். வால்வைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

அக்காவும் அப்போதுதான் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். நைனா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆத்துல வச்சுண்டு பயந்துண்டே இருந்தேன்" என்று இன்ஜினியர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். "ரெண்டும் ஜோடி. ஃபாரின்லேர்ந்து ஒருத்தர் கையில வந்தது. ஒண்ணு போனா இன்னொண்ணுக்கும் மதிப்பு இல்ல. பாத்துப் பண்ணுங்கோ."

"ஆறு வோல்ட்டுதானே சார்?"

"ஆமாம்."

நைனா ஒரு வால்வைப் பஞ்சிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செருகினார். திருகில் கையை வைத்தார். உதடு அசைந்தது.

டக். டக். டக்.

மூன்றாவது டக்கில் எனக்கு ஞாபகம் வந்தது. திருகை நான் திருப்பி வைக்கவில்லை.

இன்னும் இரண்டு டக் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்விட்ச் இருந்தது. நில்லுங்க என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. வேட்டி மடிப்பில் வால்வு வயிற்றைச் சுட்டது. ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பார்களே என்றுதான் நினைத்தேன்.

டக். டக்.

ஸ்விட்சைப் போட்டார்.

உள்ளே ஒரு வெள்ளை வெளிச்சம். ட்ஸ் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். முள் அசையவே இல்லை.

நைனா ஸ்விட்சை அணைத்தார். திருகைப் பிடித்துப் பின்னால் திருப்பினார். இந்தத் தடவை சத்தமாக எண்ணினார். ஐந்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டில் தட் என்று முட்டியது.

"பன்னெண்டு" என்றார். "பன்னெண்டு திருப்பிக்கிறேன். நூத்திப் பத்து வோல்ட்டு."

"என்ன வே, அஞ்சு எங்க, பன்னெண்டு எங்க?" என்றார் முதலாளி. கிண்டலாகச் சொல்லவில்லை.

"எண்ணிக்கைல விட்டுட்டேன்."

"போனாப் போறது, விடுங்கோ" என்றார் இன்ஜினியர். நல்ல மனிதர். முகம் மட்டும் வெளுத்துவிட்டது. மற்ற வால்வைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அக்கா தூக்கைத் தரையில் வைத்தார். "பசியில கீறாரு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "காலையில இருந்து ஒண்ணும் துன்னல. அதான்."

நைனா அவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நான் அடையாறு போனேன். வால்வு நல்லது என்று தெரிந்ததால் மற்ற இடத்தைத் தேடினேன். ஒரு ஒயர் விட்டிருந்தது. பற்ற வைத்தேன். ரேடியோ பாடியது. "கம்பம் தூக்கறவன்னு நெனச்சேன், கில்லாடியா கீறியே மச்சான்" என்றான் அவன். என் மனைவி எனக்கு இரண்டாவது தடவை சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் நைனா வேலை செய்துகொண்டிருந்தார். நானூறு சுற்று வரை போயிருப்பார். கை நின்றது. கம்பியை உற்றுப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். மறுபடி நின்றார். அன்றைக்கு மூன்று தடவை அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு நூறு சுற்றுக்கு ஒரு தீக்குச்சி எடுத்து வைத்தார். கொஞ்ச நாளில் குச்சியிலும் சந்தேகம் வந்துவிட்டது. "இத்த இப்ப வச்சனா, முன்னாடியே வச்சனா?" என்று என்னைக் கேட்பார். தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்று பதில் சொன்னார். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. நைனா இப்போதுதான் மனுஷனாய்ப் பேசுகிறார் என்றார்கள்.

பெட்டியை அவர் மறுபடி தொடவில்லை. வால்வோடு வருகிறவர்களை மவுண்ட் ரோட்டுக்கே போகச் சொன்னார்.

முதலாளி ஆறு மாதம் பொறுத்தார். பிறகு அரை மனதாக என்னிடம், "ஏலே, நீ அவரு பக்கத்துல இருந்து எண்ணிக் குடு. சுத்துறது அவரு சுத்தட்டும்" என்றார். அக்காவும் வந்து கேட்டார். "நீ எண்ணினா அவுரு நம்புவாரு தம்பி."

உட்கார்ந்தேன். அவர் சுற்றுவார், நான் எண்ணுவேன். சத்தமாக. எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு. ஒரு தடவைகூட அவர் மறுத்துக் கேட்கவில்லை. முடிந்ததும், "உன் கணக்கு தப்பாது" என்பார்.

ஒரு நாள் இருநூற்றுச் சொச்சத்தில் இருக்கும்போது, "நைனா, அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன். விரலைத் தூக்கினார். எண்ணும்போது பேசாதே என்று. அந்த விரல்தான் தடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எண்ணி முடித்த பிறகு அரை மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அடுத்த வருடம் அவரே நின்றுவிட்டார். அக்கா வேலை செய்த பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகச் சேர்த்துக்கொண்டார்கள். மணி அடிக்கிற வேலையும் கொடுத்தார்கள். முதல் நாள் நான்கு அடிக்க வேண்டியது. இரண்டு அடித்துவிட்டு, கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். மூன்றாவது அடித்தோமா இல்லையா என்று தெரியவில்லை. மணி வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இதை அக்காதான் சொன்னார். அவர் அப்போதும் மாடி பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு திருவிழாவுக்கு சாந்தோமில் குழாய் கட்டப் போனபோது நைனாவைப் பள்ளிக்கூட கேட்டில் பார்த்தேன். இளைத்திருந்தார். உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினார். கடையைப் பற்றிக் கேட்டார். முதலாளி சௌக்கியமா என்று கேட்டார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு நீ எனக்கு எதிர்லதான நின்ன?"

"ஆமா நைனா."

"நான் எத்தினி திருப்பினேன்?"

கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு எண்தான். வேறு ஒன்றுமில்லை. கொடுத்திருந்தால் அவர் வாய் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"கவனிக்கல நைனா" என்றேன்.

தலையை ஆட்டினார். "வாய் அஞ்சுன்னுதான் சொல்லுச்சு" என்றார். பிறகு, "அப்டிதான் சொல்லும்போல கீது, வயசானா" என்றார்.

அதற்குப் பிறகு நான் சாந்தோமுக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். அவரைப் புதைத்து ஒன்பதாம் நாள். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக் கொடுத்தார். முதலாளி அதை எப்போதோ அவருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு தம்பி. அவன் ஒருத்தன்தான் கரெக்டா எண்ணுவான்னு சொன்னாரு."

வாங்கிக்கொண்டேன். பெட்டி கையில் இருந்தது, அக்கா எதிரில் நின்றார். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன். திருகைத் தொட்டுப் பார்த்தேன். தட் என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியாக அவர் வைத்த இடம். எண் எழுதலாம் என்று ஒரு தடவை பெயின்ட் வாங்கி வந்தேன். எழுதவில்லை.

அக்காவும் போய்விட்டார். முதலாளியும் இல்லை. இன்ஜினியர் எங்கே என்று தெரியாது. அந்த அறையில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான்தான். கேட்டவர் இல்லை. இருந்தாலும் கேள்விக்குப் பதிலை எழுதி வைக்கிறேன்.

நைனா, நீங்கள் திருப்பியது ஐந்து. உங்கள் வாய் சொன்னது சரி. அதற்கு முன்னால் நான் விட்டு வைத்தது ஏழு.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு.